வாடுஸ் கோட்டைப் புல்வெளியில் ஓர் ஆகஸ்ட் 15

சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில் இருக்கும் குட்டி நாடு லிக்டென்ஸ்டைன். அதன் அரச குடும்பம் தலைநகரிலுள்ள வாடுஸ் கோட்டையில் இன்றும் குடியிருக்கிறது. அதனால் சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடுவதில்லை. தேசிய நாளான ஆகஸ்ட் 15 அன்று மட்டும் கோட்டைப் புல்வெளியில் விழா, அப்புறம் தோட்டத்தில் வந்தவர்களுக்கெல்லாம் உபசரிப்பு. நான் போனது அந்த நாளில்தான். 2004 முதல் தந்தை இரண்டாம் ஹான்ஸ் ஆடமின் சார்பில் ஆட்சியைக் கவனிக்கும் இளவரசர் அலாய்ஸ் பேசினார்.

ஆனால் மனதில் நின்றது பக்கத்தில் இருந்த ஒரு மூதாட்டி சொன்னதுதான். அந்த நாட்டில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1984-இல். அதுவும் ஆண்கள் மட்டுமே வாக்களித்த பொது வாக்கெடுப்பில், மயிரிழையில். "அப்போது என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்" என்றார். 2003-இல் அரசர் ஹான்ஸ் ஆடமுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் அரசியல் சட்டத் திருத்தம் பொது வாக்கெடுப்புக்கு வந்தது. தோற்றால் வியன்னாவுக்கே போய்விடுவேன் என்று அரசர் சொல்லிவிட்டார். மூதாட்டி எதிர்த்து வாக்களித்தார், அவர் கணவர் ஆதரித்தார். சுமார் 64 சதவீத ஆதரவோடு அது நிறைவேறியது. சட்டங்களை அரசர் தடுத்து நிறுத்தக்கூடிய வீட்டோ அதிகாரம் இப்போதும் மூதாட்டிக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அது அதிகம் என்றே படுகிறது.

பிறகு ஏன் இங்கே வருகிறீர்கள் என்று கேட்டேன். ஹான்ஸ் ஆடமின் தந்தையும் முந்தைய அரசருமான இரண்டாம் ஃபிரான்ஸ் ஜோசஃபுக்காக என்றார். 1945-இல், ஜெர்மனி பக்கம் நின்று போரிட்ட ரஷ்யப் படையினர் சுமார் 500 பேர் எல்லை தாண்டி வந்தபோது, சோவியத் கேட்டும் இந்தக் குட்டி நாடு அவர்களைக் கட்டாயப்படுத்தி ஒப்படைக்கவில்லை. அதை மூதாட்டியின் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்.

இந்தக் குடும்பத்துக்கும் இந்த மண்ணுக்கும் இருந்த உறவே விசித்திரமானது. அவர்கள் ஆஸ்திரியப் பிரபுக்கள். புனித ரோமப் பேரரசின் மன்றத்தில் ஓர் இடம் வேண்டும் என்பதற்காக 1699-இல் ஷெல்லன்பெர்க்கையும் 1712-இல் வாடுஸையும் விலைக்கு வாங்கினார்கள். 1719-இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் இரண்டையும் இணைத்துப் பேரரசுக்குள் ஒரு தனிச் சமஸ்தானமாக்கினார். ஆளும் இளவரசர் ஒருவர் இங்கே எட்டிப் பார்க்கவே 1842 ஆகிவிட்டது! 1938-இல் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கிய பிறகுதான் ஃபிரான்ஸ் ஜோசஃப் இங்கே நிரந்தரமாகக் குடியேறினார்.

இதற்கு முன்பே செக் நாட்டின் லெட்னிட்ஸே அரண்மனையைப் பார்த்திருந்தேன். அதுவும் இவர்களுடையதாகத்தான் இருந்தது. போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியா அதையும் அங்கிருந்த மற்ற சொத்துகளையும் பறிமுதல் செய்தது. போன நிலம் 160 சதுர கிலோமீட்டர் கொண்ட இந்த நாட்டைவிடப் பல மடங்கு பெரியது. ஒரு பதவிக்காக வாங்கிப் போட்ட மலையடிவாரம்தான் கடைசியில் ஆள்வதற்கு மிஞ்சியது. 1945-இல் அவ்வளவு உறுதியாக நின்றதை நினைத்தால் அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

போக நினைப்பவர்கள் சுவிட்சர்லாந்தின் சர்கான்ஸ் நிலையத்தில் இறங்கி வாடுஸ் பஸ் பிடிக்கலாம். கோட்டைக்கு ஏற்றம்தான், நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.