மறு: வழிபாட்டுப் பாடங்களைப் பெயர்க்கும் இரு முறைகளுக்குத் தமிழ்ச் சொல்

நண்பர்களுக்கு வணக்கம். வழிபாட்டுப் பாடங்களை மூலத்தின் சொல்லமைப்பை ஒட்டி மொழிபெயர்ப்பது ஒரு முறை, கேட்பவருக்குச் சேர வேண்டிய கருத்தை ஒட்டி மொழிபெயர்ப்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் கலைச்சொல் தேடும் நம் உரையாடலில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஒன்றைச் 'சொல்வழிப் பெயர்ப்பு' என்றும் மற்றதைப் 'பொருள்வழிப் பெயர்ப்பு' என்றும் சொன்னால் போதுமே. 'இயங்கு சமன்மை' யாருக்குப் புரியும்?

'இயங்கு சமன்மை' வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். விவிலிய மொழிபெயர்ப்பு அறிஞர் யூஜின் நைடா 1964இல் கையாண்ட 'dynamic equivalence' என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல் அது; மூலம் தன்னைக் கேட்டவரிடம் உண்டாக்கிய விளைவையே பெயர்ப்பும் உண்டாக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பலர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் 1986இல் அவரே வேறு சொல்லுக்கு மாறிவிட்டார்.

ஆனால் 'பொருள்வழி'யை என்னால் ஏற்க முடியாது. கத்தோலிக்கத் திருப்பலியின் ஆங்கிலப் பாடத்தை வைத்தே பார்ப்போம். கிண்ணத்தை ஏந்திக் குரு சொல்லும் வாசகத்தில், லத்தீன் மூலம் இரத்தம் 'பலருக்காக' சிந்தப்படும் என்கிறது. 1973ஆம் ஆண்டு ஆங்கிலப் பாடம் அதை 'எல்லாருக்காகவும்' என்றது. 2011 திருவருகைக் காலத்தில் (கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரங்களில்) வந்த புதிய பாடம் 'பலருக்காக' என்று திருத்தியது. பழைய பாடத்தை ஆதரித்தவர்கள், எபிரேயம், அரமேயம் போன்ற செமித்திய மொழிகளின் வழக்கில் 'பலர்' என்பது எல்லாரையும் அடக்கும், ஆகவே எங்களுடையதே உண்மைப் பொருள் என்றார்கள். கிறிஸ்து எல்லாருக்காகவும் இறந்தார் என்பதை மறுதரப்பும் மறுக்கவில்லை. நற்செய்தியில் உள்ள சொல் 'பலர்', அதை விளக்குவது மறைக்கல்வியின் வேலை என்றது. இரு தரப்புமே பொருளுக்குத்தான் உரிமை கோருகின்றன. ஒரு தரப்புக்கு மட்டும் 'பொருள்' என்று பெயர் வைத்தால், கலைச்சொல்லே தீர்ப்பு எழுதிவிடும். அகராதி அதைச் செய்யக்கூடாது.

'சொல்வழி'யும் போதாது. வழிபாட்டுப் பாடங்களை எப்படி மொழிபெயர்க்க வேண்டும் என்று 2001இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம் சொற்களோடு நிற்கவில்லை. லத்தீனின் துணைவாக்கியத் தொடர்புகளையும் சொல்வரிசையையும்கூட இயன்றவரை காக்கச் சொன்னது. புதிய பாடத்தின் நீண்ட வாக்கியங்கள் அங்கிருந்து வந்தவை. காதால் கேட்டுப் பின்தொடர அவை கடினம் என்ற குறை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

திருப்பலியில் நற்கருணை அப்பத்தைப் பெறுமுன் சொல்லும் மன்றாட்டைப் பாருங்கள். 1973இல் 'உம்மை ஏற்க நான் தகுதியற்றவன்'. 2011இல் 'நீர் என் கூரையின்கீழ் வர நான் தகுதியற்றவன்'. முதலாவது கேட்டவுடன் மனத்தில் பதிகிறது. இரண்டாவது, மத்தேயு நற்செய்தி 8ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் இப்படிச் சொன்ன நூற்றுவர் தலைவரின் (படை அதிகாரியின்) வீட்டு வாசலுக்கே நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. இந்த இடத்தில் நான் கூரையின் பக்கம். ஆனாலும் மற்றதைப் பொருளற்றது என்று சொல்ல மாட்டேன்.

ஆக, வேறுபாடு எதைக் காக்கிறோம் என்பதில் இருக்கிறது: மூலத்தின் வடிவையா, கேட்பவரிடம் மூலம் உண்டாக்கிய விளைவையா? ஆகவே 'வடிவுநிகர் பெயர்ப்பு', 'விளைவுநிகர் பெயர்ப்பு' என்ற இணையை முன்வைக்கிறேன். நைடாவின் கருத்துக்கும் இவை நெருக்கமானவை. எந்தத் தரப்புக்கும் சார்பானவை அல்ல.

பெயர்ச்சொல்லாக வரும் இடங்களில் 'நிகர்மை' எனலாமா, 'நிகர்ப்பு' எனலாமா? எனக்கு முன்னது பிடித்திருக்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.