குடும்பக் குழு: கையெழுத்துக்கு முன்

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெருக்கோடியில் பூட்டிக்கிடந்த வீட்டை ஓர் அமைப்பு வாடகைக்கு எடுத்திருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ள ஆறு பேரைக் குடிவைக்கப் போகிறார்களாம். எதிர்ப்பு மனு தயார். தம்பி, உன் பெயரிலும் இங்கே வீடு இருக்கிறது, நீயும் கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணன்: போட்டுவிடுகிறேன் பெரியப்பா. அடுத்த வருடம் விற்கலாம் என்றிருந்தேன். இனி யார் வாங்குவார்கள்?

நான்: கொஞ்சம் பொறுங்கள். மனுவில் என்ன இருக்கிறது?

பெரியப்பா: வாகன நெரிசல், குழந்தைகளின் பாதுகாப்பு, வீட்டு மதிப்பு. அப்புறம், ‘அவர்களுடைய நலனுக்கே இந்த இடம் பொருந்தாது’ என்று ஒரு வரி.

சித்தி: ஆறு பேரும் வண்டி ஓட்டப் போகிறார்களா என்ன? நெரிசல் எங்கிருந்து வரும்?

பெரியப்பா: சரி, அதை விடு. திடீரென்று யாரையாவது அடித்துவிட்டால்? தெருவில் சின்னப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

சித்தி: அத்தான், சிறப்புப் பள்ளியில் இவர்களோடுதான் என் வேலை. ஒன்றைக் கற்றுக்கொள்ள, காசு எண்ண, புது இடத்தில் முடிவெடுக்க அவர்களுக்குக் கூடுதல் நேரமும் துணையும் வேண்டும். சிலர் சத்தம் போடுவார்கள், மறைக்கவில்லை. ஆனால் அடி வாங்குவதும் ஏமாற்றப்படுவதும் பெரும்பாலும் இவர்கள்தான். நம்மைப் பார்த்துப் பயப்பட வேண்டிய நிலையில் இருப்பது அவர்கள்தான்.

நான்: அந்தக் கடைசி வரிதான் எனக்கு உறுத்துகிறது பெரியப்பா. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் கிளெபர்ன் நகரில் இதே மாதிரி 13 பேருக்கான இல்லம் ஒன்றை நகராட்சி தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1985ல் தீர்ப்பு வந்தது. நகராட்சி என்ன காரணம் சொன்னது தெரியுமா? அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்கவில்லை, எதிரே உள்ள பள்ளியின் மாணவர்கள் இவர்களைச் சீண்டுவார்கள், 500 வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம் வரக்கூடிய இடம்!

அண்ணன்: வெள்ளமா?

நான்: ஆமாம். அதே இடத்தில் மருத்துவமனையோ முதியோர் இல்லமோ கட்டத் தனி அனுமதி தேவையில்லை. அவற்றுக்கு மட்டும் வெள்ளம் வராதா? எதிரே இருந்த பள்ளியிலேயே இதே குறைபாடுள்ள மாணவர்கள் சுமார் 30 பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் காரணங்கள் நிற்காது, அக்கம்பக்கத்தாரின் வெறுப்பையும் ஆதாரமில்லாத பயத்தையும் வைத்து அனுமதி மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அத்தை: எல்லாம் சரி. ஆனால் ஊருக்கு வெளியே விசாலமாக, தோட்டம் துரவோடு ஓர் இடம் கொடுத்தால் அவர்களுக்கும் நிம்மதிதானே?

நான்: அப்படிக் கட்டியதுதான் அத்தை, நியூயார்க்கின் வில்லோபுரூக். 4,000 பேருக்கான இடத்தில் 1960களில் 6,000 பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். 1972ல் தொலைக்காட்சிக் கேமரா உள்ளே போனபோதுதான் உடுத்த உடைகூட இல்லாமல் பிள்ளைகள் கிடந்ததை வெளியுலகம் பார்த்தது. 1987ல் அதை மூடினார்கள். கண்ணில் படாத இடத்தில் என்ன நடந்தாலும் கேட்க ஆள் இருக்காது. தெருவுக்குள் இருந்தால், ஒருவர் நாலு நாள் வெளியே வரவில்லை என்றாலே யாராவது விசாரிப்பார்கள்.

அண்ணன்: என் கேள்விக்குப் பதில் வரவில்லையே. விலை?

நான்: 1978ல் ஜூலியன் வோல்பர்ட் என்ற பேராசிரியர் நியூயார்க் மாநிலத்தில் இப்படிப்பட்ட 42 இல்லங்களைச் சுற்றி நடந்த வீட்டு விற்பனையை ஆராய்ந்தார். விலை விழவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவையும் இதையே சொல்கின்றன. ஆனால் அண்ணா, விலை கொஞ்சம் குறைந்தாலும் ஒருவர் எங்கே குடியிருக்கலாம் என்று நாம் முடிவு செய்ய முடியாது. யாரோடு, எங்கே வாழ்வது என்று மற்றவர்களைப் போலவே தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்று 2006ல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் எழுதி வைத்திருக்கிறார்கள், பிரிவு 19. நீ அந்தத் தெருவுக்கு வந்தபோது யாரிடம் மனு போட்டாய்?

சித்தி: என் மாணவர்களின் பெற்றோர் கேட்பதெல்லாம் ஒன்றுதான், ‘எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பார்கள்?’ எழுபது வயதுத் தாய் நாற்பது வயது மகனுக்குச் சவரம் செய்துவிடுகிறார். அந்த அம்மாவுக்கு முடியாமல் போகும் நாளில்தான் இப்படி ஒரு வீடு தேவைப்படும். அதுவரை காத்திருக்காமல், அவர் இருக்கும்போதே மகன் அங்கே பழகிவிட்டால் எவ்வளவு நல்லது.

பெரியப்பா: எனக்கு மட்டும் மனசு இல்லையா அம்மா? நாளைக்கு ஏதாவது நடந்தால் தெருவே என்னைத்தான் கேட்கும்.

சித்தி: உங்கள் கவலையைக் கேள்வியாகவே கேளுங்கள் அத்தான். இரவில் பராமரிப்பாளர் எத்தனை பேர்? அவர்களுக்குப் பயிற்சி உண்டா? பகலில் இவர்கள் வேலைக்கோ பயிற்சிக்கோ போவார்களா? வெளியாள் வந்து எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பார்? அவசரத்துக்கு நாம் கூப்பிட யாருடைய எண்? நல்ல அமைப்பு என்றால் இதற்கெல்லாம் பட்டென்று பதில் சொல்லும். மழுப்பினால் நானே உங்களோடு சேர்ந்து சண்டை போடுகிறேன், அங்கே இருக்கப்போகிறவர்களுக்காக.

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அந்த அமைப்பின் ஆட்களையும் வரச் சொல்லலாம். நீயும் வா. மனு என்னிடம்தான் இருக்கிறது, அதுவரை யாரிடமும் கொடுக்க மாட்டேன். ஆனால் ஏற்கெனவே பதினொரு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், அவர்களை நீதான் சமாளிக்க வேண்டும்.

சித்தி: வருகிறேன் அத்தான். குடிவரப் போகிற ஆறு பேரில் இரண்டு பேரையாவது கூட்டத்துக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். அவர்களைப் பற்றிய பேச்சில் அவர்களும் இருக்கட்டும்.

அண்ணன்: நானும் வருகிறேன். கையெழுத்தை அப்புறம் பார்க்கலாம்.