கரூர் டு திருச்சி நடக்கிறோம், இரவு எங்கே தங்கலாம்?

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயம்புத்தூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நானும் அம்மாவும் பகுதி பகுதியாக நடக்கிறோம், ஒரேயடியாகப் போக எனக்கு லீவு கிடைக்காது, அம்மாவுக்கு முழங்காலும் தாங்காது. பல்லடம், காங்கயம், வெள்ளகோவில் வழியாகக் கரூர் வரை வந்தாச்சு, ஒவ்வொரு தடவையும் நிறுத்திய இடத்திலேயே பஸ் இறங்கி மறுபடி தொடங்குவோம். தென்னிலைப் பக்கம் வெயிலில் அம்மா ரொம்பத் தவித்துவிட்டார், அதனால் இனி விடியற்காலை நடைதான்.

அடுத்து குளித்தலை வழியாகத் திருச்சி, ஏறக்குறைய 80 கிலோமீட்டர், நாலு நாள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்னால், திருச்சி தாண்டி இருக்கும் பூண்டி மாதா கோயிலையாவது தொட்டுவிட வேண்டும், செப்டம்பர் 8 திருவிழாவுக்கு வேளாங்கண்ணியில் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் வேண்டுதல்.

மாயனூர், குளித்தலை, பெட்டவாய்த்தலைப் பக்கம் பெண்கள் இரண்டு பேர் பயமில்லாமல் தங்க இடம் இருக்குதுங்களா? பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்க வேண்டுமா? காவிரியோரம் ரோட்டில் அதிகாலை நாலு மணிக்கு நடக்கலாமா? நடந்த அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் சொல்லுங்க.