மூன்று வருடம் ஒரு ஆமைக்குத் தீனி போட்டேன்

டால்பின் ஷோவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று இந்தக் குழுவில் ஒருவர் கேட்ட கேள்விக்கு எல்லாரும் அவரவர் பார்த்ததைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் கடல் பிராணிகளைக் காட்சிக்கு வைத்திருந்த ஓர் இடத்தில் வேலை செய்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1999-இல் எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்த கையோடு பினாங்கின் பத்து ஃபெரிங்கியில் கடலோர ரிசார்ட் ஒன்றில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். தோட்ட வேலைக்கு என்றுதான் எடுத்தார்கள். இரண்டாவது வாரமே சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டியிருந்த சிமெண்ட் குளமும் என் பொறுப்பில் வந்துவிட்டது. துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் நாலு, திருக்கை ரெண்டு, அப்புறம் ஒரு பேராமை. வலையில் சிக்கிய ஆமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்று விருந்தினர்களிடம் சொல்லச் சொன்னார்கள். நானும் அதை நம்பித்தான் சொன்னேன். ஆமைக்குப் பாட்டி என்று பெயர் வைத்திருந்தோம்.

குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பதினாறு எட்டு வைத்தால் போய்விடலாம். பாட்டி எப்போதும் இடது பக்கமாகவே சுற்றும். சுவரில் உரசி உரசி அதன் இடது துடுப்பின் ஓரம் வெள்ளையாகத் தேய்ந்து கிடந்தது. மருந்து தடவுவேன், ஆறும், மறுபடி உரசும். தினமும் சமையலறையில் மிஞ்சிய கெம்போங் மீனைப் போடுவோம். காலைப் பசியாறலுக்கு வருபவர்கள் ரொட்டியைப் பிய்த்துப் போடுவார்கள். வளர்ந்த பேராமை கடற்புல்லும் பாசியும் தின்று வாழும் பிராணி என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். கேட்டுச் சொல்ல அங்கே ஆளும் இல்லை.

சில்லறைக் காசுதான் பெரிய தொல்லை. ஆமை நீண்ட ஆயுள் தரும், காசு போட்டால் அதிர்ஷ்டம் என்று 10 சென், 20 சென் என வீசுவார்கள். திங்கட்கிழமை தோறும் தண்ணீரை இறக்கிவிட்டு வாளியில் பொறுக்குவேன். ஒருநாள் ஆமையின் கழிவிலேயே ஒரு 5 சென் கிடந்தது. மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். காசு போடாதீர் என்று ஒரு பலகை வைத்தார்கள். பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போட்டார்கள்.

மூன்றாவது வருடம், பள்ளி விடுமுறை நேரம், ரிசார்ட் நிறைந்திருந்தது. விடியற்காலையில் போனபோது பாட்டி மிதந்துகொண்டிருந்தது. விருந்தினர்கள் எழுந்திருப்பதற்குள் எடுத்துவிடு என்று உத்தரவு. நானும் தோட்டத்து அண்ணன் ஒருவரும் தள்ளுவண்டியில் ஏற்றித் தென்னைகளுக்குப் பின்னால் புதைத்தோம். எதனால் செத்தது என்று யாரும் பார்க்கவில்லை. அடுத்த மாதம் நான் வேலையை விட்டேன்.

2017-இல் தாய்லாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஓம்சின் என்ற 25 வயதுப் பேராமை, சோன்புரி மாநிலத்தில் ஒரு குளத்தில் இருந்தது. பாங்காக்கில் அறுவை சிகிச்சை செய்து அதன் வயிற்றிலிருந்து 915 நாணயங்களை எடுத்தார்கள், மொத்தம் 5 கிலோ. அந்தப் பாரத்தில் அதன் அடி ஓடே வெடித்திருந்தது. சில வாரங்களில் செத்தும் போனது. அன்று இரவு நான் தூங்கவில்லை. என் வாளிக்கு வந்து சேராத காசு எவ்வளவு இருந்திருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டால்பின் தன் மகளைப் பார்த்துச் சிரித்தது என்று மேலே ஒரு அக்கா எழுதியிருக்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா, அதன் தாடையின் வார்ப்பே அப்படி. நோயில் கிடக்கும் டால்பினுக்கும் அதே முகம்தான். ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டு வழி தேடும் பிராணி அது. தொட்டியில் எந்தப் பக்கம் அனுப்பினாலும் சுவர்தான் பதில் சொல்லும்.

இது எங்கேயோ நடக்கும் கதை என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூர் செந்தோசாவில் ஒரு ரிசார்ட்டுக்காக சாலமன் தீவுகளின் கடலில் 27 டால்பின்களைப் பிடித்தார்கள். அவற்றில் சிலவற்றைக் கொண்டுவந்து வைத்திருந்த இடம் நம் மலேசியாவின் லங்காவித் தீவு. 2010-இல் அங்கேயே இரண்டு செத்தன. மெலியோய்டோசிஸ், மண்ணிலும் அழுக்குத் தண்ணீரிலும் இருக்கும் கிருமியால் வரும் நோய். நம் ஊரில் மனிதருக்கும் வருவதுதான். இன்னொன்று 2012-இல் சிங்கப்பூருக்கு விமானத்தில் போகும் வழியில் செத்தது. இந்தியாவில் 2013-இலேயே டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. நம் பக்கமும் அப்படி ஒரு முடிவு வர வேண்டும் என்பது என் ஆசை.

சரி, பிள்ளைகளுக்கு எதைத்தான் காட்டுவது? போன வருடம் என் மகளைத் தெலுக் பஹாங் படகுத்துறையிலிருந்து பந்தாய் கெராச்சுட் என்ற கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். பாதி வழியில் படகோட்டி மாமா எஞ்சினை அணைத்துவிட்டு, “லும்பா-லும்பா” என்று கையை நீட்டினார். மலாயில் டால்பின் என்று அர்த்தம். இளஞ்சிவப்பாக ரெண்டு முதுகு, பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி. கூன்முதுகு டால்பின். பினாங்கைச் சுற்றி இது இருக்கிறது என்பதே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. ரெண்டு நிமிடம்கூட இருக்காது, முங்கிப் போய்விட்டன.

“ஏன்ப்பா திரும்பி வரல?”

“அதுக்கு வேலை இருக்கும்மா.”

அவளுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

கெராச்சுட்டில் ஆமை முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். பேராமையும் பங்குனி ஆமையும் முட்டையிட வரும் கரை அது. எங்கே போனாலும் ஒன்று மட்டும் கவனியுங்கள்: முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளை எத்தனை நாள் தொட்டியில் வைக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆழ்கடலுக்கு நீந்திப் போக மஞ்சள் கருவின் மிச்சச் சத்துதான் அவற்றுக்குக் கட்டுச்சோறு. சுற்றுலாக்காரர்களுக்காகத் தொட்டியில் வைத்திருந்தால் அது அங்கேயே தீர்ந்துவிடும். காசு வாங்கிக்கொண்டு பட்டப்பகலில் குஞ்சு விடச் சொன்னால் போகாதீர்கள்.

விடுமுறைக்குப் போகும் ஹோட்டலில் ஆமைக் குளம் இருந்தால் துடுப்பின் ஓரத்தைப் பாருங்கள், தரையில் காசு கிடக்கிறதா என்று பாருங்கள், வரவேற்பு மேசையில் போய்க் கேளுங்கள். நான் இருந்த மூன்று வருடத்தில் அப்படிக் கேட்டது ஒரே ஒரு சீனப் பாட்டிதான். இது ராத்திரி எங்கே தூங்கும் என்று மலாயில் கேட்டார். கடலில் ஆமைகள் பாறை இடுக்கில் ஒதுங்கித் தூங்கும். எங்கள் ஆமையோ அந்தக் குளத்தில் பம்பு இருந்த மூலையில் தலையைச் செருகிக்கொண்டு கிடக்கும். நான் அந்த மூலையைக் கைகாட்டினேன். அவர் ரொம்ப நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்.