மொரீசியஸ்: சிறு பிள்ளைகளோடு கடற்கரை, கூடவே தமிழ்

கடலோடி:
வணக்கம். ஆறு, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு மொரீசியஸில் குடியேறும் குடும்பத்துக்காகக் கேட்கிறேன். விடுதிகளுக்கு முன்னால் உள்ள மணலில் யாரும் உட்காரலாமா? சிறுவர்கள் இறங்க எந்தக் கரை ஏற்றது? கிரியோல் (பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர்ப் பேச்சுமொழி), பிரெஞ்சு, போஜ்புரி நடுவே பிள்ளைகளுக்குத் தமிழ் தங்குமா?

நெய்தல்:
தாராளமாக உட்காரலாம். ஓதம் ஏறும் கோட்டுக்குக் கீழே உள்ள மணல் பொதுச்சொத்து. அந்தக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாகக் குறைந்தது 81.21 மீட்டர் அகலப் பட்டைக்குப் 'பா ஜியோமெத்ரிக்' என்று பெயர். பழைய பிரெஞ்சுக் கணக்கில் 250 அடி. அதுவும் அரசு நிலம்தான், ஆனால் பல இடங்களில் விடுதிகளுக்குக் குத்தகைக்குப் போயிருக்கிறது. தகராறு வருவது இதனால்தான்: மணல் பொது, மணலுக்குப் போகும் வழி குத்தகை நிலம். விடுதி வாசலில் நிறுத்தினால் அடுத்துள்ள பொதுக் கடற்கரையில் இறங்கி, நீரோரமாகவே நடந்து வந்துவிடுங்கள். சாய்வு நாற்காலிகள் விடுதியுடையவை, அவற்றில் உட்கார முடியாது. இரவு கூடாரம் போடுவதென்றால் கடற்கரை ஆணையத்தின் அனுமதியை முன்பே வாங்க வேண்டும்.

பவளத்திட்டு:
கரையைத் தேர்ந்தெடுக்கும்போது பவளப்பாறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தீவைச் சுற்றிப் பெரும்பாலும் பாறை உண்டு. அதற்குள் கடல் குளம்போல் நிற்கும். தெற்கே கிரீ கிரீயில் பாறை இல்லை, பேரலை நேரே கரையில் மோதும். அங்கே பார்ப்பதோடு சரி, குளிக்கவே கூடாது.

பாறை உள்ள இடத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அலைகள் பாறைமேல் ஏறி உள்ளே கொட்டும் நீரெல்லாம் பாறையில் உள்ள இடைவெளி வழியாகத்தான் வெளியேறும். ஆற்று முகத்துவாரங்களுக்கு நேரே இந்த வாய்கள் அதிகம், ஏனென்றால் நன்னீரில் பவளம் வளராது. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு பலமாக இருக்கும். மிதவைகளால் வேலியிட்ட பகுதியைத் தாண்டவிடாதீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று கிழக்கே பெல் மாரில் ஓயாது அடிக்கும். அந்த மாதங்களில் வடமேற்கே மோன் ஷுவாசி, மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் போங்கள்.

வாழையிலை:
தமிழ் தானாகத் தங்காது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் வீட்டுமொழியே பெரும்பாலும் கிரியோல். தமிழ் கோயிலிலும் பாட வகுப்பிலும்தான் கேட்கும். தொடக்கப்பள்ளியில் இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, மாண்டரின் போலத் தமிழும் விருப்பப்பாடம். 2012 முதல் கிரியோலும் சேர்ந்துவிட்டது. சேர்க்கையின்போதே தமிழ் வேண்டும் என்று சொல்லி, அந்தப் பள்ளியில் ஆசிரியர் உண்டா என்றும் கேளுங்கள். கிரியோலுக்குத் தனி வகுப்பு தேவையே இல்லை, சவுக்கு நிழலில் பந்து விளையாடும்போதே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். வீட்டில் தமிழை விடாமல் பேசுங்கள், அது ஒன்றுதான் வழி.

ஞாயிறன்று பல குடும்பங்கள் சோற்றுப் பாத்திரத்தோடு கடற்கரைக்கு வருவார்கள். பகிர்ந்துண்ணப் போனால் மரக்கறி ஒன்று கட்டாயம் கொண்டுபோங்கள்: இந்துக்களில் பலர் மாட்டிறைச்சியும் முஸ்லிம்கள் பன்றியும் தொடமாட்டார்கள், தைப்பூசக் காவடிக்கு முந்தைய விரத நாட்களில் தமிழர்கள் எந்த இறைச்சியும் உண்பதில்லை.

கடலோடி:
மிக்க நன்றி. கல்மீன் பற்றியும் சொல்லுங்களேன்.

பவளத்திட்டு:
இங்கே 'லாஃப்' என்பார்கள். பாறையோடு பாறையாகக் கிடக்கும். முதுகு முள்ளில் விஷம். தடித்த அடியுள்ள நீர்க்காலணி போட்டுவிடுங்கள், ஆனால் முள் சிலசமயம் அதையும் துளைக்கும். குத்திவிட்டால் காலைச் சுமார் 45 டிகிரி வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வைக்க வேண்டும்; சூட்டில் விஷப் புரதம் சிதையும். வலியில் பிள்ளைக்குச் சூடு உறைக்காது, ஆகவே பெரியவர் கைவிட்டுப் பார்த்து வெந்துபோகாத சூடுதானா என்று உறுதிசெய்யுங்கள். கட்டுப்போட்டு இறுக்க வேண்டாம். உடனே 114-க்கு (அவசர ஆம்புலன்ஸ்) அழையுங்கள். அரசு மருத்துவமனையில் மொரீசியஸ் குடிமக்களுக்குச் சிகிச்சை இலவசம்.