ஹொரைசன் 5: கையில 21 லட்சம் இருக்கு, முதல்ல வீடா காரா?

விருதை_வேகம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பிஎஸ்5-ல ஃபோர்ஸா ஹொரைசன் 5-ங்கற கார் ரேஸ் கேம் விளையாடிட்டு இருக்கேன். ரேஸ், சவால், வீல்ஸ்பின்னு (பரிசுச் சக்கரம் சுத்தறது) கிடைச்சதையெல்லாம் செலவு பண்ணாம வச்சதுல இப்ப 21 லட்சம் க்ரெடிட் (கேம் காசு) சேர்ந்திருக்கு. புகாட்டி சிரோன் கார் வாங்க இன்னும் கொஞ்சம்தான் தேவை. ஆனா மேப்ல வீடு வீடா விக்கிறாங்க. அதுல ப்யூனாஸ் விஸ்டாஸ்னு ஒண்ணு 20 லட்சம். ஆரம்பத்துல சும்மா கொடுத்த காசா பெல்லாவே எனக்குப் போதும்னு தோணுது, கார் மாத்த, பெயின்ட் அடிக்க அங்கயே முடியுது. பிறகு எதுக்கு இன்னொரு வீடு? தினமும் ராத்திரி ஒரு மணி நேரம்தான் எனக்கு டைம். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

வளைவுராணி பதில்:

தம்பி, யோசிக்கவே வேண்டாம், ப்யூனாஸ் விஸ்டாஸை வாங்கு. உனக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும்னு சொன்ன பாரு, அதுக்காகவே சொல்றேன். நானும் ஆஸ்பத்திரி ட்யூட்டி முடிஞ்சு, சமையல் முடிஞ்சு, பையனைத் தூங்க வச்ச பிறகு உட்கார்ற ஆளு.

இந்த கேம்ல வீட்டை அழகுக்காகப் பார்க்காதே. அது கூட என்ன சலுகை தருதுன்னு பாரு. மேப்ல வீட்டு ஐகான் மேல கர்சரை வச்சா விலையும் சலுகையும் சேர்ந்தே தெரியும். ப்யூனாஸ் விஸ்டாஸ் தர்ற சலுகை, மேப்ல எந்த ரோட்டுக்கு வேணும்னாலும் ஃபாஸ்ட் ட்ராவல் பண்ற உரிமை, அதாவது ஓட்டாமலே நேரா அங்க குதிக்கறது. அது இல்லாத வரைக்கும் ஃபெஸ்டிவல் இடங்களுக்கும் உன் சொந்த வீடுகளுக்கும்தான் குதிக்க முடியும். மீதி தூரமெல்லாம் ஓட்டித்தான் போகணும்.

வாரா வாரம் வர்ற ஃபெஸ்டிவல் ப்ளேலிஸ்ட்டை, அதான் அந்த வாரத்துச் சவால் பட்டியலை எடுத்துக்கோ. நம்ம நேரத்துக்கு வியாழக்கிழமை ராத்திரி 8 மணி வாக்கில் புது சீசன் மாறும். ஒரு ஸ்பீடு ட்ராப் (வேகத்தை அளக்கற இடம்) மேற்கு ஓரத்துல இருக்கும், டேஞ்சர் சைன் (காரோட தாவற இடம்) கிழக்குக் காட்டுக்குள்ள இருக்கும், போட்டோ எடுக்கச் சொல்ற இடம் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாம வேற எங்கயோ இருக்கும். நான் இந்த வீடு வாங்கறதுக்கு முன்னாடி கிடைக்கிற நேரத்துல பாதி ஓரிடத்துல இருந்து இன்னோர் இடத்துக்குப் போறதுலயே கரைஞ்சுடும். பையன் எழுந்துட்டா அன்னைக்கு அவ்வளவுதான். வாங்கின பிறகு அந்த வாரத்து வேலைகளை ஒரே உட்கார்வுல முடிக்க முடியுது, ப்ளேலிஸ்ட் கார் கையில வந்துடுது.

காருக்கும் வீட்டுக்கும் இன்னொரு வித்தியாசம் இருக்கு. கார் பல வழியில வரும். வீல்ஸ்பின்ல விழும், ஏலத்துல கிடைக்கும், ப்ளேலிஸ்ட்ல பரிசா வரும். நான் சிரோனுக்குச் சேர்த்துட்டிருந்தப்பவே சூப்பர் வீல்ஸ்பின்ல விலை உயர்ந்த கார்கள் ஒண்ணு ரெண்டு விழுந்துச்சு. வீடு மட்டும் எந்த ஸ்பின்லயும் விழாது. காசு கொடுத்தாதான் உண்டு. அதனால பணத்தை எதுல போடணும்னு கேட்டா வேற எந்த வழியிலயும் கிடைக்காததுல போடுன்னுதான் சொல்வேன்.

இதுக்கு முந்தின ஹொரைசன் 4-லயும் இதே கதைதான். அங்க ஃபேர்லான் மேனர்னு ஒரு வீடு, அதுவும் 20 லட்சம், அதுவும் இதே சலுகை. இரண்டு கேம்லயும் விலைகூட மாறலை.

தாமிரபரணி_டர்போ பதில்:

அக்கா சொல்றது அவங்க நேரக் கணக்குக்குச் சரி. ஆனா ப்ரோ, நான் வேற மாதிரி சொல்வேன். நீ மெக்சிகோ மேப்பை எவ்வளவு ஓட்டிப் பார்த்திருக்க? அந்த கேம்ல 570-க்கும் மேல ரோடு இருக்கு. குவானாஹுவாத்தோ ஊருக்குள்ள கலர் கலரா வீடுகளுக்கு நடுவுல இறங்கி, அங்கயே சுரங்கப் பாதைக்குள்ள நுழையற அனுபவம் குதிச்சுக் குதிச்சுப் போறவனுக்குக் கிடைக்காது. எரிமலைப் பக்கம் ஏறறப்ப ஒவ்வொரு வளைவுலயும் காட்சி மாறிக்கிட்டே வரும். புழுதிப் புயல் வந்தா முன்னாடி போற காரோட பின் விளக்கை மட்டும் பார்த்து ஓட்டணும். கேமோட உயிரே அதுலதான் இருக்கு. பாதி ரோட்டையாவது முடிச்சுட்டு வீடு வாங்கு. அதுவரைக்கும் அந்த 21 லட்சத்தைத் தொடாதே.

வளைவுராணி பதில்:

தாமிரபரணி தம்பி, ரோடு ஓட்டற சுகத்தை நான் மறுக்கவே இல்லை. சனி, ஞாயிறு கிடைச்சா நானும் ஒரு பழைய பீட்டில் எடுத்துக்கிட்டு கடலோரமா வேலையே இல்லாம சுத்துவேன். ஆனா ஓட்டணும்னு ஆசைப்பட்டு ஓட்டறது வேற, ஸ்பீடு ட்ராப்புக்குப் போய்ச் சேரணுமேன்னு ஓட்டறது வேற. இரண்டாவதைத்தான் இந்த வீடு குறைக்குது.

விருதை தம்பிக்கு ஒரு முக்கியமான விஷயம் சொல்லாம விட்டுட்டா பிறகு ஏமாந்த மாதிரி இருக்கும். வீடு வாங்கினா எங்க வேணும்னாலும் போகலாம்கற அனுமதி மட்டும்தான் கிடைக்கும். ஒவ்வொரு தடவை குதிக்கறப்பவும் க்ரெடிட் பிடிப்பாங்க. அந்தக் கட்டணத்தைக் குறைக்கறது வேற ஒண்ணு: ஃபாஸ்ட் ட்ராவல் போர்டு. மேப் முழுக்க 50 இருக்கு. ஒவ்வொண்ணா கார்ல மோதி உடைக்க உடைக்கக் கட்டணம் இறங்கும், 50-ம் உடைச்சா முழுசா இலவசம். எக்ஸ்பி போர்டு 200 தனியா இருக்கு, அது லெவலுக்கு. இரண்டையும் குழப்பிக்காதே.

அதனால தாமிரபரணி தம்பி சொல்ற மாதிரி ஓட்டற வேலை எப்படியும் இருக்கு. போர்டு ரோட்டோரமா மட்டும் இருக்காது. வேலிக்கு அந்தப் பக்கம், மேட்டுக்கு மேல, சில இடத்துல தாவினாத்தான் எட்டும். வீட்டையும் போர்டையும் சேர்த்து வச்சுக்கிட்டாத்தான் அந்த 20 லட்சத்துக்கு முழு மதிப்பு.

எடின்பரோ_ஏகாம்பரம் பதில்:

ஹொரைசன் 4 பத்திப் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிக்கறேன். ஹொரைசன் வரிசையில வீடு வாங்கற ஏற்பாடே 2018-ல அந்த கேமோடதான் வந்துச்சு. அங்க எடின்பரோ கோட்டையையே விலைக்கு வச்சிருந்தாங்க, 1.5 கோடி க்ரெடிட்! சலுகைக் கணக்குப் பார்த்தா அதை வாங்கவே வேண்டாம். ஆனா பனி சீசன்ல அந்தக் கோட்டை வாசல்ல என் காரை நிறுத்திப் பார்க்கணும்னு ஆசைப்பட்டு மாசக்கணக்குல சேர்த்தேன். வாங்கின அன்னைக்குப் பட்ட சந்தோஷம் எந்தக் காரும் கொடுக்கலை. 2024 டிசம்பர் 15-ஓட அந்த கேமைக் கடையில இருந்து எடுத்துட்டாங்க. ஏற்கெனவே வாங்கினவங்க இன்னும் விளையாடலாம். என் கோட்டை அப்படியே இருக்கு.

அதனால தம்பி, முதல் வீடு சலுகைக்காக இருக்கட்டும். அடுத்தது மனசுக்குப் பிடிச்சதா இருக்கட்டும்.

பழைய_இபிசாக்காரன் பதில்:

வீட்டுக்காக விளையாடணும்னா 2011-ல வந்த டெஸ்ட் ட்ரைவ் அன்லிமிடெட் 2-ங்கற கார் கேம்தான். ஆரம்பத்துல ஒரு கேரவன்ல குடியிருப்போம். வீடு வாங்கினாத்தான் காரை நிறுத்த கராஜ்ல இடம், புது கார் வேணும்னா முதல்ல வீடு. ஹொரைசன்ல கராஜ் எல்லா வீட்டுக்கும் பொதுவா இருக்கறதால அந்த நெருக்கடி இல்லை. அந்த வரிசையில 2024-ல சோலார் க்ரவுன் வந்தப்ப, ஹாங்காங் தீவு அவ்வளவு அழகா இருந்தும் வெளியீட்டு நாள்ல வீடே இல்லை. எங்களை மாதிரி பழைய ஆளுங்களுக்கு அது பெரிய வருத்தம்.

விருதை_வேகம் பதில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கட்டண விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது அக்கா. ப்யூனாஸ் விஸ்டாஸ் வாங்கிட்டேன்! இப்ப கையில ஒரு லட்சம்தான் மிச்சம். இனிமே சிரோனுக்கு எப்படிச் சேர்க்கறது? டேஞ்சர் சைன் பக்கத்துல குதிச்சாலும் தாவ வேகம் பத்தலையே?

வளைவுராணி பதில்:

வாழ்த்துகள் தம்பி! டேஞ்சர் சைன் ஐகான் மேலயே கர்சரை வைக்காதே. அதுக்கு நேரா வர்ற ரோட்டுல நல்லாத் தள்ளி வச்சுக் குதி. வேகம் ஏற இடம் கிடைக்கும். தாவினது சரியா விழலைன்னா கொஞ்சம் பின்னாடி போய்த் திரும்ப ஓட்ட ரீவைண்ட் இருக்கு.

பணத்துக்கு: ட்ரைவட்டார் (கம்ப்யூட்டர் ஓட்டற எதிராளி கார்கள்) கடினத்தை உன்னால ஜெயிக்க முடியற அளவுக்கு ஏத்து. ஏத்த ஏத்த க்ரெடிட்ல போனஸ் சதவீதம் கூடும், செட்டிங்ஸ்லயே காட்டும். நீளமான ரேஸுக்குக் காசு அதிகம், கோலியத்ங்கற நீள ரேஸ் திறந்துட்டா வார இறுதியில ஒரு சுத்து ஓடு. வீல்ஸ்பின்ல ஒரே கார் இரண்டு தடவை வந்தா ஒண்ணை ஏலத்துல போடு. ஓட்டற சாகசத்துக்குக் கிடைக்கிற ஸ்கில் பாயின்ட்டைச் சேர்த்து வைக்காதே, அதைச் செலவு பண்ற கார் மாஸ்டரியில சில கார்களுக்கு சூப்பர் வீல்ஸ்பின்னே இருக்கு, அதைத் திற.

போர்டு தேடறதுக்கு மேப்ல ஃபில்டர் போட்டு ஃபாஸ்ட் ட்ராவல் போர்டு மட்டும் தெரியற மாதிரி வச்சுக்கோ. பக்கத்துல ஓட்டிப் போனது மட்டும்தான் மேப்ல பதியும். எல்லாம் முதல்லயே தெரியணும்னா ட்ரெஷர் மேப்னு தனியா விக்கிறாங்க. நான் அதை வாங்கலை, நீயும் இப்போதைக்கு வாங்காதே. ஒரு பகுதியை எடுத்துக்கிட்டு அதை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போ. மாட்டிக்கிட்ட போர்டு இருந்தா ஸ்க்ரீன்ஷாட் இங்க போடு, எந்தப் பக்கமா ஏறணும்னு பார்த்துச் சொல்றேன்.