கொறங்காட்டுப் புற்களை இனங்காண உதவி வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். காங்கேயத்தை அடுத்துள்ள எங்கள் கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலிக்கு உள்ளே வெள்வேல மரங்களுக்கு இடையில் தானாக முளைக்கும் புற்களைப் பெயர் சொல்லி இனங்காணக் கற்று வருகிறேன்.

கோரையைப் பிரித்தறிவதில் சிரமமில்லை. தண்டை விரலிடையே உருட்டினாலே மூன்று பட்டைகள் தட்டுப்படும். கொழுக்கட்டைப் புல்லில்தான் தடுமாற்றம். கதிர் வந்துவிட்டால், நீண்ட மெல்லிய இழைகள் சூழ்ந்தது ஒரு வகை என்றும், அடியில் ஒன்றிணைந்த குட்டையான விறைத்த முட்கள் கொண்டது வேறு வகை என்றும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் மாடுகள் மேய்ந்த காட்டில் கதிர் எங்கே மிஞ்சுகிறது? இலையும் உறையும் சேருமிடத்தைப் பிரித்துப் பார்த்தால், இரண்டிலும் மயிர் வரிசையே இருக்கிறது. கதிரில்லாத நிலையில் இவற்றைப் பிரித்துக் காட்டும் நம்பகமான அடையாளம் எது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மேய்ச்சலில் பழகிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் வழங்கும் புல் பெயர்களை ஊர்ப் பெயருடன் எழுதுங்கள். காங்கேயம் மாடுகளை வளர்த்த இந்தப் புற்களைப் பற்றிய அறிவு அவர்களிடம்தான் நிறைந்திருக்கிறது. கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பைப் பார்த்தவர்கள் அனுமதி பெறும் முறையைத் தெரிவித்தால், வேரோடு எடுத்து நாளிதழ்களுக்கிடையே உலர்த்தி வைத்துள்ள மாதிரிகளுடன் ஐப்பசி மழைக்கு முன்பே சென்று ஒப்பிட்டுப் பார்ப்பேன்.